அடிக்க எதிராளி இல்லாத தேக்வாண்டோ

கோலாலம்பூரில் தமிழ்ப் பெற்றோர் நாலு பேர் கூடி, பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று பேச ஆரம்பித்தால் தேக்வாண்டோ எப்படியும் தலைகாட்டிவிடும். "பிளாக் பெல்ட் வாங்கிட்டான், இனிமே என்ன இருக்கு?" என்பார் ஒருவர். "பொண்ணு பூம்சேதான் செய்யுது, சண்டைக்கெல்லாம் அனுப்பல" என்பார் இன்னொருவர், மகள் ஏதோ பாதிப் பாடம் படிப்பதுபோல. பக்கத்தில் இருப்பவர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "டான்ஸ் மாதிரி இருக்குமே, அதுவா?"

எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் பூம்சே டான்ஸும் இல்லை, பாதிப் பாடமும் இல்லை. அதற்கென்று உலகப் போட்டி இருக்கிறது, புள்ளிக் கணக்கு இருக்கிறது, அதிலேயே வாழ்நாளைக் கழிக்கும் வீரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீரர் போகும் பாதை, மற்ற விளையாட்டு வீரர்களின் பாதையைப் போல இருக்காது. ஏன் என்று புரிய, முதலில் புள்ளி எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று தெரிய வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு விளையாட்டு

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கியோருகி. தலைக்கவசம், மின்னணு மார்புக் கவசம் போட்டுக்கொண்டு இருவர் மோதுவது. பூம்சே என்பது ஒருவர் தனியாக நின்று, தடுப்பு, குத்து, உதை ஆகியவற்றை வகுத்துவைத்த வரிசையில் செய்து காட்டுவது. எதிராளி கற்பனையில்தான் இருக்கிறார். ஆனால் அவர் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஒலிம்பிக்கில் இருப்பது கியோருகி மட்டும். 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் அது காட்சிப் போட்டியாக நடந்தது. 2000 சிட்னியில்தான் முறையான பதக்கப் போட்டி ஆனது. சியோல் காட்சிப் போட்டியில் மலேசியாவுக்காக வெண்கலம் வென்ற எம். வாசுகியை நம் மூத்தவர்கள் சிலர் இன்னும் சொல்வார்கள். அவர் வென்றதும் கியோருகியில்தான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தேக்வாண்டோ மலேசியாவில் வேர்விட்டது 1960களின் தொடக்கத்தில். சோய் ஹோங் ஹி என்ற கொரிய ஜெனரல் அப்போது தென்கொரியத் தூதராகக் கோலாலம்பூரில் இருந்தார். 1966இல் அவர் அனைத்துலகத் தேக்வாண்டோ சம்மேளனத்தைத் தொடங்கினார். சுருக்கமாக ஐடிஎஃப். 1973இல் தென்கொரியாவில் வேறொரு உலகச் சம்மேளனம் உருவானது. இன்று அதன் பெயர் வேர்ல்ட் தேக்வாண்டோ. ஒலிம்பிக்கும் ஆசியப் போட்டிகளும் இந்த இரண்டாவது அமைப்பின் வழியில் நடப்பவை. ஐடிஎஃப் வகுப்புகளில் சொல்லித்தரும் 24 வரிசைகள் முற்றிலும் வேறு. அவற்றைக் கற்ற பிள்ளை பூம்சே போட்டியில் அப்படியே இறங்க முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க வேர்ல்ட் தேக்வாண்டோவின் பூம்சே பற்றித்தான்.

திருமுறை ஓதும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்

மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளையை அழைத்துப் போயிருந்தால், பூம்சே உங்களுக்குப் பாதி புரிந்த மாதிரிதான். ஒரு வயதுப் பிரிவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிகத்தைப் பாடுகிறார்கள். சொல்லை யாரும் மாற்ற முடியாது, வரியை விட முடியாது. பத்தாவது பிள்ளை பாடும்போது நமக்குக் கொட்டாவி வரலாம், நடுவருக்கு வராது. ழகரம் எங்கே நழுவியது, தாளம் எங்கே ஓடியது, மூச்சு எங்கே தவறான இடத்தில் அறுந்தது என்று குறித்துக்கொண்டே இருப்பார். அதெல்லாம் சரியாக இருக்கும் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் மிஞ்சினால், யார் பாட்டில் உருக்கம் இருந்தது என்று பார்ப்பார்.

பூம்சேயிலும் இதே இரண்டு கணக்குத்தான்: பாடம் பிசகாமல் வந்ததா, வந்த பாடத்தில் உயிர் இருந்ததா.

ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. பதிகப் போட்டிக்கு எந்தப் பாட்டு என்று முன்பே தெரியும். பூம்சே வீரருக்குத் தெரிவது ஒரு பட்டியல் மட்டுமே. அதிலிருந்து எதைச் செய்ய வேண்டும் என்பது குலுக்கலில் வருகிறது.

பட்டியலில் என்ன இருக்கிறது

அங்கீகரிக்கப்பட்ட பூம்சே மொத்தம் 17. வெள்ளை பெல்ட்டில் தொடங்கிக் கறுப்பு பெல்ட் வரை கற்பவை தேகுக் 1 முதல் 8 வரை. கறுப்பு பெல்ட்டுக்குப் பிறகு ஒன்பது: கொரியோ, கும்காங், தேபெக், பியோங்வொன், சிப்ஜின், ஜிதே, சொன்குவொன், ஹன்சு, இல்யோ. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

18 முதல் 30 வயதுப் பிரிவில் தேகுக் 6இலிருந்து சிப்ஜின் வரை எட்டுப் பூம்சே பட்டியலில் நிற்கின்றன. குலுக்கலில் வந்ததைச் செய்தாக வேண்டும். "எனக்குக் கும்காங் வராது, கொரியோ செய்கிறேன்" என்று பேரம் பேச வழியில்லை. வயது கூடக் கூட மேல்நிலைப் பூம்சேக்கள் பட்டியலில் ஏறும்.

களம் பத்துக்குப் பத்து மீட்டர். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இங்கே நம் பிள்ளைகள் பயிற்சி செய்வது பெரும்பாலும் பூப்பந்துக் கோடு போட்ட மண்டபங்களில். பூப்பந்துத் திடலின் அகலம் 6.1 மீட்டர்தான். அந்தக் கோட்டுக்குள் பழகிய பிள்ளை, தன்னை அறியாமல் காலடியைக் குறுக்கிக்கொள்ளும். நல்ல மாஸ்டர் தரையில் சிலுவைபோல ஒரு டேப் ஒட்டிவைப்பார். பிள்ளை அதன் மேல் நின்று தொடங்கி, நாலா பக்கமும் போய்த் திரும்பி, அதே டேப்பில் வந்து முடிக்க வேண்டும். ஓரடிக்கு மேல் தள்ளி முடித்தால் எங்கோ ஒரு கால்நிலை குறுகியிருக்கிறது, அல்லது நீண்டிருக்கிறது என்று அர்த்தம். எது என்று தேடிப் பிடிப்பதிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும். போட்டியில் அந்தத் தள்ளலுக்குத் தனியாகப் புள்ளி வெட்டுவார்கள்.

பத்துப் புள்ளி எப்படிப் பிரிகிறது

மொத்தம் 10.0. அதில் துல்லியத்துக்கு 4.0, வெளிப்பாட்டுக்கு 6.0.

துல்லியம் கழித்தல் கணக்கு. வீரர் 4.0உடன் தொடங்குகிறார். சிறு பிழைக்கு 0.1 போகும், பெரும் பிழைக்கு 0.3. கை நிற்க வேண்டிய உயரத்தில் நிற்காதது, பாதம் தவறான கோணத்தில் இறங்கியது இதெல்லாம் சிறு பிழை. செய்ய வேண்டிய அசைவை விட்டது, இல்லாத அசைவைச் சேர்த்தது, மறந்துபோய் நின்றது, குரல் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காதது இவை பெரும் பிழை. அந்தக் குரலுக்குக் கிஹாப் என்று பெயர். கத்துவது கூச்சமாக இருக்கிறது என்று விட்டுவிடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று தவறான கைகளுக்கு ஈடான புள்ளி ஒரு கூச்சத்தில் போகிறது.

வெளிப்பாடு, நடுவர் தம் மதிப்பீட்டில் தரும் கணக்கு. இதில் மூன்று கூறு, ஒவ்வொன்றுக்கும் 2.0. முதலாவது வேகமும் வலுவும். இரண்டாவது வலு, வேகம், லயம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்திவருவது: எங்கே மெல்ல, எங்கே சட்டென்று, எங்கே ஒரு நொடி நின்று. மூன்றாவது ஆற்றலின் வெளிப்பாடு, அதாவது பார்வை, நிமிர்வு, முன்னால் ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி.

நடுவர்கள் ஐந்து அல்லது ஏழு பேர். மிக உயர்ந்த புள்ளியும் மிகக் குறைந்த புள்ளியும் நீக்கப்பட்டு, மற்றவற்றின் சராசரி எடுக்கப்படும்.

வெளிப்பாட்டுக்கு ஆறு, துல்லியத்துக்கு நான்கு என்றதும் "அப்படியென்றால் அழகாகச் செய்தால் போதும்" என்று தோன்றலாம். நடைமுறை வேறு. கால் தவறாக இறங்கினால் இடுப்பு திரும்பாது. இடுப்பு திரும்பாவிட்டால் குத்தில் வலு தெரியாது. துல்லியத்தில் 0.1 இழந்த இடத்திலேயே வெளிப்பாட்டிலும் சத்தமில்லாமல் கொஞ்சம் போயிருக்கும்.

ஒரு உதையை நெருங்கிப் பார்ப்போம்

கொரியோவின் தொடக்கத்தில் இரட்டைப் பக்க உதை ஒன்று வரும். ஒரே கால், இரண்டு உதை. முதலாவது முழங்கால் உயரத்தில், இரண்டாவது முகத்துக்கு. இடையில் கால் தரையைத் தொடக்கூடாது.

பார்க்கிற நமக்கு இரண்டாவது உதையின் உயரம்தான் கண்ணில் படும். அரங்கில் கைத்தட்டு வருவதும் அதற்குத்தான். நடுவர் பார்ப்பது அதற்கு முன்னால் நடப்பதை. முதல் உதை உண்மையிலேயே தாழ்வாக இருந்ததா, இல்லை இரண்டாவதுக்கு வசதியாக இருக்கட்டும் என்று இடுப்பு வரை உயர்ந்துவிட்டதா? உதைத்த கால் முழங்காலை மடக்கி உள்ளே வந்துதான் மறுபடி போனதா, இல்லை அப்படியே மேலே வீசப்பட்டதா? பாதத்தின் வெளி விளிம்பு கத்திபோல நின்றதா, விரல்கள் வானத்தைப் பார்த்தனவா? ஊன்றிய காலின் குதிகால் இலக்கின் பக்கம் திரும்பியதா? அது திரும்பாவிட்டால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். உயரத்துக்காக உடம்பு மறுபக்கம் சாயும். முழங்கால் வலி தொடங்கும் இடமும் பெரும்பாலும் இதுதான்.

உதை முடிந்ததும் கால் விழக்கூடாது, வைக்கப்பட வேண்டும். அடுத்து வரும் நிலை அப்குபி, அதாவது முன்கால் மடங்கி, பின்கால் நேராக நீண்ட நிலை. உதை எவ்வளவு உயரமாகப் போனாலும், கால் இறங்கும் இடம் மாறக்கூடாது. இத்தனையும் இரண்டு நொடிக்குள். "டான்ஸ்" என்று சொல்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். இவ்வளவு நடந்தும் அவருக்கு அது சுலபமாகத் தெரிந்தது என்றால் வீரர் நன்றாகச் செய்திருக்கிறார்.

சுருக்கமாக, இதுவரை: பூம்சேயில் வரிசை எல்லோருக்கும் ஒன்று. எதைச் செய்வது என்பது குலுக்கலில். புள்ளியில் ஒரு பகுதி கழிக்கப்படுகிறது, மறுபகுதி தரப்படுகிறது. வெற்றியும் தோல்வியும் உதையின் உச்சியில் இருப்பதைவிட அதன் தொடக்கத்திலும் இறக்கத்திலும் இருக்கின்றன.

பாட்டோடு வரும் பூம்சே

இதுவரை சொன்னது அங்கீகரிக்கப்பட்ட பூம்சே. ஃப்ரீஸ்டைல் பூம்சே என்று இன்னொன்று உண்டு. இதில் வீரரே வரிசையை அமைத்துக்கொள்கிறார். 90 முதல் 100 நொடிக்கு இசையும் உண்டு. இங்கே கணக்குத் தலைகீழ்: தொழில்நுட்பத்துக்கு 6.0, வெளிப்பாட்டுக்கு 4.0. பாய்ந்து உதைக்கும் உயரம், ஒரே தாவலில் எத்தனை உதை, காற்றில் எத்தனை பாகை சுழற்சி, கியோருகி பாணித் தொடர் உதை, குட்டிக்கரண வகை ஒன்று என்று வகைவகையாகப் புள்ளி. சமூக வலைத்தளங்களில் சுற்றும் படங்கள் இவைதான், பிள்ளைகள் ஆசைப்படுவதும் இதற்குத்தான். அடிப்படை உறுதியாகும் முன் இதில் இறக்கிவிடும் பயிற்சி மையங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. தாவுவதைவிடத் தரையிறங்குவதுதான் கடினம், கணுக்காலுக்கு அது தெரியும்.

கறுப்பு பெல்ட்டுக்குப் பிறகு என்ன?

எல்லாமே. கறுப்பு பெல்ட் என்பது அனைத்துலகப் போட்டியில் பெயர் கொடுக்கத் தேவைப்படும் தகுதி, அவ்வளவுதான். சியோலில் 1972இல் திறக்கப்பட்ட குக்கிவொன் என்ற தலைமையகம்தான் அந்தச் சான்றிதழைத் தருகிறது. 15 வயதுக்குக் கீழே என்றால் கறுப்பும் சிவப்பும் கலந்த பெல்ட். அதன் தரத்துக்குப் பூம் என்று பெயர். பெரியவர்களின் தரம் டான். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்குக் குறைந்தது ஓராண்டு, அடுத்ததற்கு இரண்டு, நான்காவதுக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். எவ்வளவு திறமை இருந்தாலும் இந்த வரிசையைத் தாண்ட முடியாது.

போட்டிப் பாதை இதற்குப் பக்கத்தில் தனியாக ஓடுகிறது. மன்றப் போட்டிகள், மாநிலத் தேர்வு, ஈராண்டுக்கு ஒருமுறை வரும் மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மா, தேசியக் குழுவுக்கான தேர்வு, பிறகு தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டி, ஆசியப் போட்டி, உலக வெற்றியாளர் போட்டி. உலகப் பூம்சே வெற்றியாளர் போட்டி முதன்முதலில் 2006இல் சியோலில் நடந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் பூம்சே நுழைந்தது 2018 ஜகார்த்தாவில்.

அந்த ஜகார்த்தாவைக் கொஞ்சம் பார்க்கலாம். மகளிர் தனிநபர் பிரிவில் இந்தோனேசியாவின் டெஃபியா ரோஸ்மனியார் தங்கம் வென்றார். போட்டியை நடத்திய நாட்டுக்கு அதுதான் முதல் தங்கம். ஈரான் வீராங்கனையுடனான இறுதிச் சுற்றில் புள்ளி 8.690க்கு 8.470. இடைவெளி இரண்டு சிறு பிழைகளுக்குச் சற்று மேல். பூம்சேயின் பிறப்பிடமான தென்கொரியாவின் வீராங்கனைக்கு வெண்கலம்தான்; இன்னொரு வெண்கலம் மலேசியாவின் யாப் கிம் வென்னுக்கு. போட்டியிடுபவர்களின் உடற்கட்டைப் பார்த்து யார் ஜெயிப்பார் என்று கணிக்க முடியாத விளையாட்டு இது. எடைப் பிரிவே கிடையாது.

எடைக்குப் பதில் வயது. 12 முதல் 14 வரை ஒரு பிரிவு, 15 முதல் 17 வரை ஒன்று, பிறகு 30 வரை, 40 வரை, 50 வரை, 60 வரை, 65 வரை, அதற்கும் மேலே ஒன்று. ஆம், 65க்கு மேற்பட்டவர்களுக்கும் உலகப் பதக்கம் உண்டு. கியோருகி வீரர் முப்பதைத் தொட்டாலே முழங்காலும் நேரமும் எதிராகப் பேசத் தொடங்கும். பூம்சேயில் 31 வயதுக்காரர் அடுத்த பிரிவின் இளையவர் ஆகிறார். தாத்தாவும் பேத்தியும் ஒரே உலகப் போட்டிக்குப் போவது, கொள்கை அளவில், நடக்கக்கூடிய ஒன்று.

தொற்றுக் காலத்தில் இந்த விளையாட்டின் இன்னொரு குணமும் தெரிந்தது. 2020இல் மோதல் விளையாட்டெல்லாம் முடங்கிக் கிடந்தபோது, வேர்ல்ட் தேக்வாண்டோ இணையம் வழியாகப் பூம்சே போட்டி நடத்தியது. வீரர்கள் இருந்த இடத்திலிருந்தே காணொளி அனுப்பினார்கள். எதிராளி தேவைப்படாததன் பலன்.

காசு விஷயம்

இதை யாரும் வகுப்பில் சேரும்போது சொல்வதில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். பூம்சே ஒலிம்பிக்கில் இல்லை. மலேசியாவில் விளையாட்டு ஊக்கப் பரிசுத் திட்டத்தில் ஒலிம்பிக் தங்கத்துக்கு ஒரு மில்லியன் ரிங்கிட், கூடவே ஆயுள் முழுக்க மாதம் 5,000 ரிங்கிட். அந்தக் கதவு பூம்சே வீரருக்குத் திறக்காது. சீ போட்டி, ஆசியப் போட்டிப் பதக்கங்களுக்குப் பரிசு உண்டு, ஆனால் அதே அளவில் இல்லை. அரசின் பயிற்சிப் பணமும் ஒலிம்பிக் பக்கமே சாயும், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதனால் ஒரு பூம்சே வீரரின் "தொழில்" என்பது பெரும்பாலும் பதக்கத்திலிருந்து வருவதில்லை. படிப்போ வேலையோ பக்கத்தில் ஓடும். மாலையில் வகுப்பு எடுப்பார். நான்காவது டான் எட்டியதும் பிறரைப் பயிற்றுவிக்கவும் நடுவர் தகுதிக்கும் முயல்வார். தம் பெயரில் ஒரு டோஜாங், அதாவது பயிற்சிக்கூடம், திறப்பது பலருடைய கணக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புறப்பாட நடவடிக்கையிலும் சான்றிதழ்கள் கைகொடுக்கும். இதெல்லாம் சின்ன விஷயமில்லை, ஆனால் பூப்பந்து வீரரின் கனவோடு இதை ஒப்பிட்டுப் பிள்ளையைச் சேர்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பெல்ட் ஏறுவது ஒரு பாதை, போட்டியில் ஏறுவது இன்னொரு பாதை என்பதை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். ஐந்தாவது டான் வைத்திருப்பவர் ஒரு போட்டிக்கும் போகாதவராக இருக்கலாம். தேசிய வீரர் இரண்டாவது டானில் நிற்கலாம்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

வகுப்பில் சேர்க்கும்போது பெற்றோர் வழக்கமாகக் கேட்பது "மாஸ்டர், எத்தனை மாசத்துல பிளாக் பெல்ட் கெடைக்கும்?" என்பது. அதைவிட "மாஸ்டர், நீங்க சொல்லிக்குடுக்கிறது தேகுக் வரிசையா, ஐடிஎஃப் வரிசையா?" என்று கேட்டால் பிள்ளை பின்னாளில் எந்தப் போட்டிக்குப் போக முடியும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

அடுத்து, கறுப்பு பெல்ட் சான்றிதழ் குக்கிவொன்னில் பதிவாகுமா என்று கேளுங்கள். மன்றமே அச்சடித்துத் தரும் சான்றிதழ் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். உலகப் போட்டியின் பதிவு மேசையில் அது செல்லாது. குக்கிவொன் சான்றிதழில் ஒரு எண் இருக்கும், அதை அவர்களுடைய இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தே சரிபார்க்கலாம். பணம் கட்டிய பிறகு மாதக்கணக்கில் அந்த எண் வராமல் இருந்தால், அடுத்த கிரேடிங்குக்கு, அதாவது பெல்ட் தேர்வுக்கு, பணம் கட்டும் முன் மறுபடி கேளுங்கள்.